கியோட்டோ தோட்டங்களின் இரு பாலிட்ரைக்கம் மாஸ்களை எப்படிப் பிரித்தறிவது?

ஜப்பானின் கியோட்டோ தோட்டங்களில் குட்டி ஊசியிலைக் கன்றுகளைப் போல் அடர்ந்து நிற்கும் மாஸ்களில் (பூக்காத சிறு பாசிவகைச் செடிகள்) பாலிட்ரைக்கம் கம்யூனே எது, பாலிட்ரைக்கம் ஃபார்மோசம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். வித்துப்பை (காம்பின் நுனியில் வித்துத்தூளைத் தாங்கும் பை) இல்லாத செடியில் வெறும் கண்ணால் இதை உறுதிசெய்ய இயலாது. உயரமும் நிறமும் நிழலையும் ஈரத்தையும் பொறுத்து மாறுவதால், ஒளிப்படத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

வித்துப்பை இருந்தால் வேலை எளிது. கம்யூனேயில் அது கூரிய நான்கு விளிம்புகளுடன் குட்டையான பெட்டிவடிவில் இருக்கும். அதன் அடிப்பகுதி ஆழ்ந்த இடுக்கினால் தனித் தட்டாகப் பிரிந்து தெரியும். ஃபார்மோசத்தில் பை சற்று நீண்டிருக்கும், இடுக்கு அவ்வளவு தெளிவாக இராது.

ஐயத்தை முற்றிலும் நீக்குவது இலையின் குறுக்குவெட்டுதான். இலையின் மேற்புறத்தில் நீளவாக்கில் பச்சைத் தகடுகள் வரிசையாக எழுந்து நிற்கின்றன. நனைத்த இலையின் நடுப்பகுதியைச் சவர அலகால் மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், கம்யூனேயில் ஒவ்வொரு தகட்டின் உச்சியிலுள்ள செல் (உயிரணு) அகன்று, நடுவில் பள்ளம் விழுந்து, இரு முனைகளாகத் தெரியும். ஃபார்மோசத்தில் அச்செல் பள்ளமின்றி வழவழப்பாக முடியும். ஒரே சீவலை வைத்து முடிவெடுக்காமல் பல சீவல்களைப் பார்ப்பது நல்லது.

1971இல் ஃபார்மோசம் பாலிட்ரைக்காஸ்ட்ரம் என்னும் பேரினத்துக்கு மாற்றப்பட்டதால், சில நூல்களில் அப்பெயரிலேயே காண்பீர்கள். இவ்விரண்டின் இலை விளிம்பிலும் பற்கள் உண்டு; பற்களற்ற விளிம்பு உள்மடிந்து தகடுகளை மூடியிருந்தால், அது பாலிட்ரைக்கம் ஜூனிபெரினமாக இருக்கலாம்.