மகனுக்கு யார் சொல்வது?

அன்புள்ள ஐயா,

பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறேன். போன வருடம் மகள் வயதுக்கு வந்ததும் தெரட்டிச் சீர் செய்தோம். தாய்மாமன்கள் தட்டு வரிசையோடு வந்து ஊரே கூடியது. இப்போது 13 வயது மகன் ஆளே மாறிவிட்டான். குரல் உடைந்துவிட்டது. சட்டையைக் கழற்றக் கூச்சப்பட்டுக் கிணற்றுக்குக் குளிக்கப் போவதில்லை. சில நாள் காலையில் படுக்கை விரிப்பை அவனே அலசிப் போடுகிறான். “நீங்கதான் பேசணும்” என்கிறாள் மனைவி. என் அப்பா எனக்கு எதுவும் சொன்னதில்லை. பையன் தானாகத் தெரிந்துகொள்ள மாட்டானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தெரிந்துகொள்வான். யாரிடமிருந்து என்பதுதான் கேள்வி. சிறுவயதுப் பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிடும் என்று மிரட்டி, வைத்தியர் எந்த லாட்ஜில் என்றைக்குத் தங்குவார் என்றும் சொல்லும் நோட்டீஸ் பஸ் நிலையச் சுவர்களில் உண்டு. அதே மிரட்டல் இன்று செல்போனிலும் வருகிறது. உங்களை முந்திக்கொள்ள அவர்கள் தயார்.

தூக்கத்தில் விந்து வெளியேறுவது நோயல்ல, உடம்பும் இளைக்காது. ஒரு சொட்டு விந்துக்கு இத்தனை சொட்டு ரத்தம் என்ற கணக்கு சுத்தப் புளுகு. சுயஇன்பத்தாலும் நரம்பு தளராது. இதை உங்கள் வாயால் அவன் ஒருமுறை கேட்டால் போதும். கிணற்றுக்குப் போகாததற்கு மார்பு வீக்கம் காரணமாக இருக்கலாம். இந்த வயதில் ஏறத்தாழ பாதிப் பையன்களுக்கு ஹார்மோன் மாற்றத்தால் அது வரும். பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் மறைந்துவிடும். கேலி பேசும் பங்காளிகளை மட்டும் கொஞ்சம் அடக்கி வையுங்கள்.

இன்னொன்றுக்கு நீங்கள் கட்டாயம் பேசியாக வேண்டும். இந்த வயதில் சில பையன்களுக்கு விதைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளம் நூல்போல முறுக்கிக்கொள்ளும். திடீரென்று கடும் வலி, வாந்தி. சுமார் 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்தால்தான் பெரும்பாலும் விதையைக் காப்பாற்ற முடியும். அந்த இடத்தின் பெயரையே வீட்டில் சொல்லிப் பழகாத பையன் “வயிறு வலிக்கிறது” என்று படுத்துக்கொள்வான், அம்மா கஷாயம் வைப்பார், விடிந்துவிடும். “அங்கே வலித்தால் நடுராத்திரி என்றாலும் என்னை எழுப்பு” என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

எதிரே உட்காரவைத்து உபதேசம் செய்ய வேண்டாம். தறிக்குப் பாவு நூல் எடுக்கப் போகும்போது வண்டியில் கூட்டிக்கொண்டு போங்கள். முகம் பார்க்காமல் பேசுவது இருவருக்கும் சௌகரியம். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டவும் வேண்டாம்.

மகளுக்குச் சீர் செய்தீர்கள், சரி. அம்மிச்சி (அம்மாவின் அம்மா) தீட்டுக் கணக்கு சொல்லியிருப்பார். முதல் ஓரிரு வருடம் தேதி முன்பின்னாக வருவது சகஜம் என்று யாராவது சொன்னார்களா? தம்பிக்கும் அது தெரியட்டும். ஆம்பிளை பேசும் விஷயமா என்று யாராவது முனகினால், மலிவு விலையில் நாப்கின் தயாரிக்க இயந்திரம் செய்து 2016-இல் பத்மஸ்ரீ வாங்கிய முருகானந்தம் கோயம்புத்தூர்க்காரர்தான் என்று சொல்லுங்கள்.

அன்புடன்.