எந்தக் கணக்கில் பணம் இல்லை?

வாசகர் கேள்வி – பதில்: ராமநாதபுரம் கடலோர ஊர்களில் இருந்து வந்த கேள்விகளில், ஊராட்சி, நகராட்சி சேவைகள் தொடர்பானவற்றுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் ஊர் கடலை ஒட்டியது. தலைவர் பதவிக்காலம் முடிந்ததில் இருந்து எதைக் கேட்டாலும் "ஃபண்டு இல்லம்மா" என்கிறார்கள். குழாய் உடைந்தாலும் அதே பதில், குப்பை எடுக்காவிட்டாலும் அதே பதில். நிஜமாகவே பணம் வருவதில்லையா?
– கடலாடி ஒன்றிய வாசகி

பாதி உண்மை. அந்தப் பாதி எது என்று தெரிந்துகொண்டால்தான் மீதிப் பாதிக்கு நீங்கள் வாதாட முடியும்.

நம் மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் தேர்தல் நடந்தது. 2020 ஜனவரி 6 அன்று பொறுப்பேற்ற மன்றங்களின் 5 ஆண்டுக் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அதன்பின் நிர்வாகம் தனி அலுவலரிடம் போனது. கிராம ஊராட்சிக்குத் தனி அலுவலர் என்றால் ஒன்றிய அலுவலகத்தில் இருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி). தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்கும் உள்ளாட்சிக்குத்தான் மத்திய அரசின் மானியம் என்பது 15ஆவது நிதிக்குழு வைத்த நிபந்தனை. அந்த வாசல் அடைபடும்போது குடிநீர், துப்புரவு வேலைகள்தான் முதலில் அடி வாங்கும். ஏனென்றால் அந்த மானியத்தில் 60 சதவீதம் இந்த இரண்டுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. மீதி 40 சதவீதத்தை ஊரின் மற்ற தேவைகளுக்குச் செலவிடலாம், சம்பளத்துக்கு எடுக்கக் கூடாது என்று இருந்தது.

ஆனால் ஊராட்சியின் பை அது ஒன்று மட்டும் இல்லை. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் இருந்து வரும் மாநில நிதிக்குழு மானியம் தனி. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை ஏலம் ஆகியவை ஊரின் சொந்த வருமானம். நம் ஊராட்சிகளில் இவற்றைக் கணக்கு 1, 2, 3 என்று பிரித்து வைப்பார்கள். 1ஆம் கணக்கு பொது நிதி, அன்றாடச் செலவு இதில்தான். 2ஆம் கணக்கு மின்கட்டணத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்ட வேண்டிய தொகைக்கும். 3ஆம் கணக்கு திட்டங்களுக்கு.

ஆகவே "ஃபண்டு இல்லை" என்றால் "எந்தக் கணக்கில் இல்லை, இன்றைய இருப்பு எவ்வளவு?" என்று கேளுங்கள். தெருவில் 63 மி.மீ. பிவிசி குழாய் வெடித்தால் வேண்டியது அரை மீட்டர் துண்டு, இரண்டு காலர், கொஞ்சம் சொல்யூஷன், பள்ளம் தோண்டக் கூலி. இதற்கு டெல்லியில் இருந்து பணம் வர வேண்டியதில்லை, 1ஆம் கணக்கு போதும். புதிதாக ஒரு தெருவுக்குக் குழாய் போட, மேல்நிலைத் தொட்டி கட்ட என்றால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்படிப்பட்ட வேலையைச் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் கேட்கலாம். அந்த நிதி ஒருமுறை செய்யும் கட்டுமானத்துக்கு. மாதா மாதம் வரும் கரண்ட் பில்லுக்கு அதில் கேட்டு மனு எழுதி நாளை வீணாக்காதீர்கள்.

குப்பை விஷயத்தில் ஆள் கணக்கு கேளுங்கள். ஏறத்தாழ 150 வீட்டுக்கு ஒரு தூய்மைக் காவலர் என்பது அளவு. 600 வீடு உள்ள ஊரில் நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர் இருந்தால், பாதித் தெருவில் குப்பை கிடப்பதற்கு அந்த இருவரைத் திட்டிப் பயன் இல்லை. காலி இடம் எத்தனை, எப்போதிருந்து காலி என்று எழுதிக் கேளுங்கள்.

காவிரித் தண்ணீர் 8 நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. முன்பு ஊர்க்கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தது. பெரிய மோட்டார் வைத்த பிறகு அதுவும் உப்பாகிவிட்டது. பணம் வந்ததும் 200 அடியில் புது போர் போடப் போகிறார்களாம். சரிதானா?
– திருப்புல்லாணி ஒன்றிய வாசகர்

வேண்டாம். கடலோர மணலில் ஆழம் போகப் போக நல்ல தண்ணீர் கிடைக்கும் என்பது தவறான கணக்கு. மழைநீர் மணலில் இறங்கி, அடியில் நிற்கும் உப்பு நீரின் மேல் ஒரு அடுக்காக மிதக்கிறது. உப்பு நீர் கனமானது என்பதால்தான் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 அடி உயரம் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். இதைத் திருப்பிப் பாருங்கள்: இறைத்து இறைத்து அந்த மேல்மட்டத்தை 1 அடி இறக்கினால், அடியில் இருக்கும் உப்பு நாளடைவில் 40 அடி மேலே வரப் பார்க்கும். பெரிய மோட்டார் போட்டு ஒரே மூச்சில் இழுத்தால் கிணற்றுக்கு நேர் கீழே உப்பு நீர் கூம்பு மாதிரி எழும்பி வரும். உங்கள் கிணற்றில் நடந்தது பெரும்பாலும் இதுதான். 200 அடி போர் அந்த மெல்லிய அடுக்கைத் துளைத்துக்கொண்டு நேராக உப்பில் போய் நிற்கும். போட்ட பணம் திரும்பாது.

நம் பெண்கள் மணலில் கை அளவுக்கு ஊற்று தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடுக்கின் மேல்பகுதியை மட்டும், ஊறுகிற வேகத்துக்கு எடுக்கும் முறை அது. பொறியாளர்கள் பரிந்துரைப்பதும் அதையேதான், கொஞ்சம் பெரிய அளவில். 10 முதல் 15 அடி ஆழத்தில் அகலமான உறைக்கிணறு. முடிந்தால் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில் துளையிட்ட குழாய்கள், சுற்றிலும் கூழாங்கல். மோட்டார் அரை அல்லது 1 ஹெச்பி. ஒரு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மணி நேரம் ஓய்வு. இப்படி ஒன்றுக்கொன்று தள்ளி மூன்று சிறு கிணறு இருப்பது, 5 ஹெச்பி போட்ட ஒரு பெரிய கிணற்றை விட நல்லது.

இருக்கிற கிணற்றையும் உடனே கைவிட வேண்டாம். பெரிய மோட்டாரை நிறுத்திவிட்டு, ஐப்பசி, கார்த்திகை மழை இறங்கும்வரை விட்டுப் பாருங்கள். தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும், சட்டைப்பையில் வைக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒன்றை ஊருக்குப் பொதுவாக வாங்குங்கள். இறைக்கத் தொடங்கும்போது ஒரு முறை, அரை மணியில் ஒரு முறை, ஒரு மணியில் ஒரு முறை அளந்து நோட்டில் எழுதுங்கள். 600 என்று தொடங்கி ஒரு மணியில் 900 ஆனால் வேகம் அதிகம், நிறுத்துங்கள். குடிநீருக்கு இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை. அதற்கு மேல் போனால் புழங்க மட்டும். மழை இறங்கிய பிறகும் அளவு குறையாவிட்டால் அந்தக் கிணற்றை விட்டு வேறு இடம் பார்க்க வேண்டியதுதான்.

இனி காவிரித் தண்ணீர். அது திருச்சிப் பக்கம் ஆற்றில் எடுத்து, இரண்டு மாவட்டம் தாண்டி வருகிறது. வழியில் எங்கே கசிந்தாலும், எங்கே கரண்ட் போனாலும் கடைசியில் இருக்கிற நமக்குத்தான் குறையும். புகார் எழுதும்போது "தண்ணீர் வரவில்லை" என்று எழுதாதீர்கள், எண்ணோடு எழுதுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஒரு ஆளுக்கு நாளுக்கு 55 லிட்டர். ஊரில் 1,200 பேர் என்றால் நாளைக்கு 66,000 லிட்டர். ஊருக்குள் தண்ணீர் நுழையும் தரைமட்டத் தொட்டியில் மீட்டர் இருக்கும். தொட்டி ஆபரேட்டரோடு சேர்ந்து 15 நாள் அந்த எண்ணை எழுதி, அந்தத் தாளோடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் மனு கொடுங்கள். மீட்டர் ஓடவில்லை என்றால் அதுவே முதல் மனு. கூடவே 2ஆம் கணக்கில் வாரியத்துக்கு எவ்வளவு பாக்கி என்றும் கேளுங்கள்.

தண்ணீர் வரும் நாளில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மேல்நிலைத் தொட்டியில் 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். மண்டியோடு கொட்டினால் வால்வு அடைக்கும். நம் கடல் காற்றில் பிரித்து வைத்த மூட்டை சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். ஆகவே அளவைப் போட்டதோடு விடாமல், கடைசித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்கிறதா என்று சோதனைப் பெட்டியில் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டியை 15 நாளுக்கு ஒருமுறை கழுவி, கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுத வேண்டும். குழந்தைகள் குடிக்கிற தண்ணீர் இது. இதில் மட்டும் தயவு காட்டாதீர்கள்.

எங்கள் தெருக்களில் 40 விளக்கு. அதில் 14 எரியவில்லை. புது எல்இடி மாட்டினாலும் ஆறு மாதத்தில் போய்விடுகிறது. மட்டமான பொருள் வாங்குகிறார்களா?
– மண்டபம் ஒன்றிய வாசகர்

பொருளும் காரணமாக இருக்கலாம், மாட்டிய விதமும் காரணமாக இருக்கலாம். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கமும், வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கமும் உப்புச் சாரல் கம்பத்தின் மேலேயே படிகிறது. இறங்கிய விளக்கு ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். எல்இடி பொட்டுகள் நன்றாகவே இருக்கும். உள்ளே இருக்கும் டிரைவர் என்ற சிறு பெட்டியின் முனையில் பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்திருக்கும். வயர் நுழையும் துளை வழியாக ஈரம் போயிருக்கிறது என்று அர்த்தம்.

வாங்கும்போது ஐபி 66 தரம் (தூசியும் நீரும் புகாதது), 10 கேவி சர்ஜ் பாதுகாப்பு (திடீர் மின்னழுத்த எகிறலைத் தாங்குவது), மெழுகு ஊற்றியது போல் அடைத்த டிரைவர், துருப்பிடிக்காத எஸ்எஸ் போல்ட், எழுத்தில் வாரண்டி ஆகியவற்றை விலைப்புள்ளியிலேயே கேட்க வேண்டும். மாட்டும்போது வயர் விளக்குக்குள் கீழிருந்து மேலாக நுழைய வேண்டும். நுழைவதற்கு முன் சற்றுத் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். அலுமினியக் கம்பியில் செம்பு வயரை வெறுமனே முறுக்கினால் உப்புக் காற்றில் அந்த இணைப்பு அரித்துவிடும். அதற்கென உள்ள பைமெட்டல் கனெக்டர் போடச் சொல்லுங்கள். வாரண்டிக்குள் போனதை மாற்றி வாங்க, மாட்டிய தேதியைக் கம்பத்தில் பெயின்டால் எழுதினால் போதும். வாரண்டி தாண்டியது என்றால் டிரைவரை மட்டும் மாற்றலாம், முழு விளக்கு வேண்டியதில்லை.

ஒரே வரிசையில் நாலைந்து விளக்கு ஒரே நாளில் போனால் விளக்கைக் குறை சொல்லாதீர்கள். நியூட்ரல் கம்பி லூஸாகி வோல்டேஜ் எகிறியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புதிது மாட்டினால் புதிதும் போகும். இது மின்வாரியத்தின் வேலை. இணைப்பைத் துண்டிக்காமல் யாரும் கம்பத்தில் ஏறக் கூடாது.

பில்லையும் சரி பாருங்கள். 20 வாட் விளக்கு 12 மணி நேரம் எரிந்தால் 0.24 யூனிட். 40 விளக்குக்கு 30 நாளில் 288 யூனிட். 14 எரியாதபோது அது 190 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். பில்லில் 400, 500 என்று வந்தால் பகலிலும் எரிகிறது, அல்லது மீட்டர் ஓடாமல் சராசரி போடுகிறார்கள். டைமரைச் சரிசெய்தாலே 2ஆம் கணக்கில் மிச்சமாகும் பணம் கொஞ்சநஞ்சம் இல்லை.

வேலையே நடக்காதபோது வீட்டு வரி எதற்குக் கட்ட வேண்டும்?
– ஆர்.எஸ்.மங்கலம் ஒன்றிய வாசகர்

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் 1ஆம் கணக்கில் யாரும் தடுத்து நிறுத்த முடியாத பணம் ஊரின் சொந்த வருமானம்தான், வீட்டு வரி அதில் ஒன்று. கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். அந்த ரசீதோடு கேட்கும் கேள்விக்கு வலு அதிகம். கூடவே தொழில் வரிப் பட்டியலைக் கேளுங்கள். ஊர் எல்லைக்குள் இருக்கும் வங்கி, பள்ளி, ஐஸ் கம்பெனி, இறால் பண்ணை ஆகியவற்றில் வேலை பார்ப்பவர்கள் அரையாண்டு வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டினால் கட்ட வேண்டும். உச்சவரம்பு ஆண்டுக்கு 2,500 ரூபாய். 20 பேர் உச்சவரம்பு கட்டினால் ஆண்டுக்கு 50,000. பல ஊராட்சிகளில் இந்தப் பட்டியல் புதுப்பிக்கப்படாமலே கிடக்கிறது.

நகராட்சியில் சொத்து வரிக்குத் தள்ளுபடி உண்டா?
– கீழக்கரை வாசகி

உண்டு. அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 30 தேதிகளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் கூடும். நகராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடந்ததால், மன்றம் இல்லை என்று ஊராட்சிகள் சொன்ன காரணம் உங்கள் ஊருக்குப் பொருந்தவில்லை.

தலைவர் இல்லாதபோது கிராம சபை நடக்குமா? கணக்கைக் காட்டுவார்களா?
– திருவாடானை ஒன்றிய வாசகர்

நடக்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊரில் 100 பேர் வந்தால்தான் செல்லும். ஆகவே கடலுக்குப் போகும் நேரம் பார்த்து, ஆட்கள் இருக்கும் வேளையில் கூட்டச் சொல்லி முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். கூட்டத்தில் படிவம் 30 என்ற வரவு செலவு அறிக்கையைக் கேளுங்கள். உங்கள் கேள்வி தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் முதலிலேயே போட்டுவிடாதீர்கள்.

காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலர், ஒன்றிய அலுவலகம் என்று முகவரியிட்டு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது. "மூன்று கணக்குகளின் ஓராண்டு வங்கிப் பட்டியல் நகல், மின்கட்டண ரசீது நகல், எம்-புத்தகத்தின் (செய்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் இல்லாவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. நகல் அதிகமாகும் என்று தோன்றினால் கோப்புகளை நேரில் பார்வையிடக் கேட்கலாம். முதல் ஒரு மணி நேரம் இலவசம். கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள், முதலில் 2ஆம் கணக்கைப் புரட்டுங்கள்.