சோர்வுக்குப் பயப்பட வேண்டாம், கை நழுவிய பேனாவுக்குப் பயப்படுங்கள்

நீங்கள் கடிதத்தில் எழுதிய இந்தச் சோர்வு அடுத்த பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பு இல்லை. அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து, கை கால் தேறி, பனியன் கம்பெனிக் கணக்கு வேலைக்குத் திரும்பியிருக்கிறீர்கள். காலை 11 மணிக்கே எண்கள் மண்டையில் ஏறவில்லை, தூங்கி எழுந்தாலும் அலுப்பு போகவில்லை என்கிறீர்கள். பக்கவாதம் கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி இருக்கிறது, லேசாக வந்தவர்களுக்கும்தான். இது சோம்பல் இல்லை. மேனேஜரிடம் இந்தப் பதிலையே காட்டுங்கள்.

ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்களே, "போன வாரம் வலது கையில் பேனா நிற்கவில்லை, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது" என்று. அதைப் படித்ததுமே உங்களுக்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். திடீரென்று கை துவண்டாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, தானாகச் சரியானாலும் அது தற்காலிகப் பக்கவாதமாக இருக்கலாம். முழுப் பக்கவாதம் வர அடுத்த இரண்டு நாள்தான் பெரிய ஆபத்து. சரியாகிவிட்டதே என்று படுத்துவிடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வீட்டிலேயே ஆஸ்பிரின் விழுங்காதீர்கள். அடைப்பா, ரத்தக்கசிவா என்பதை ஸ்கேன்தான் சொல்லும்.

யூடியூபில் யாரோ சொன்னார் என்று, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை மூன்று வாரம் நிறுத்தியிருந்தீர்கள். அவரா உங்கள் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்? மாத்திரையால்தான் சோர்வு என்று தோன்றினால் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவை அவர் மாற்றட்டும். சத்து டானிக்கும் வேண்டாம்.

கொட்டாவி, சின்ன மறதி எல்லாம் இருக்கட்டும். மனைவி சொல்லும் குறட்டையை மட்டும் மறைக்காதீர்கள். தூக்கத்தில் மூச்சு தடைப்பட்டால் பகலெல்லாம் சோர்வுதான். பக்கவாதத்துக்கும் அது ஒரு காரணம். ரத்தசோகை, தைராய்டு, சோடியம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது.

மருத்துவர் மறுபடி சரி சொன்ன பிறகு, அரை நாள் வேலையில் தொடங்குங்கள். தலை போகிற கணக்குகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். களைப்பு வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள், போன் கையில் இல்லாமல். அப்புறம், சம்பளப் பட்டியல் போடும் வாரத்துக்கு ஒரு ஆளைத் துணைக்குக் கேட்டு வாங்குங்கள்.