தானாக ஓடாத வட்டுச் சோதனை: தோ பாயோ துணைப்பாட நிலையக் கேள்விக்கு

மூன்று உபுண்டு (லினக்ஸ்) கணினிகளிலும், கோப்பு அமைப்பில் பிழை தேடும் வட்டுச் சோதனை (எஃப்எஸ்சிகே, fsck) ஒருமுறைகூட தானாக ஓடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பழுது எதுவும் இல்லை. ஈஎக்ஸ்டி4 (ext4) என்ற கோப்பு அமைப்பில் இப்போது அது இயல்பாகவே அணைந்துதான் இருக்கும்.

அந்த அமைப்பை மாற்றும் டியூன்2எஃப்எஸ் (tune2fs) கட்டளையில் சி-க்கு (-c, எத்தனை முறை) 30, ஐ-க்கு (-i, எவ்வளவு காலம்) 1எம் (1m) என்று கொடுங்கள். வட்டின் பகிர்வு (பகுதி) 30 முறை மவுண்ட் ஆனாலோ, அதாவது பயன்பாட்டுக்கு இணைக்கப்பட்டாலோ, ஒரு மாதம் கழிந்தாலோ, எது முந்துகிறதோ, அடுத்த முறை கணினி தொடங்கும்போது சோதனை ஓடும். கணினிக்குக் கணினி எண்களைச் சற்று மாற்றி வையுங்கள். சனிக்கிழமை காலை பிள்ளைகள் வந்து உட்காரும் நேரத்தில் மூன்றும் ஒன்றாகச் சோதனையில் நிற்கக்கூடாது.

அப்புறம், எந்தப் பகிர்வை எப்படி இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் ஒவ்வொரு வரியின் ஆறாவது கட்டம். அங்கே 0 இருந்தால் மேலே செய்தது வீண். ரூட் என்ற முதன்மைப் பகிர்வுக்கு 1, மற்றவற்றுக்கு 2 என்று வையுங்கள்.

மவுண்ட் ஆகியிருக்கும் பகிர்வில் மட்டும் எஃப்எஸ்சிகே-வைக் கையால் ஓட்டாதீர்கள், தயவுசெய்து. என் மகளின் படங்களை நான் அப்படித்தான் இழந்தேன்.