டென்சிட்டி மீட்டர் வாங்கப் போகிறவர்கள் கேட்டவை

ஓடுகிற பைப்பிலேயே இருந்து திரவத்தின் அடர்த்தியைச் சொல்லும் அதிர்வு மீட்டர்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. விலை அதிகம், தவறாக வாங்கினால் திருப்பிக் கொடுப்பதும் கஷ்டம். அதனால் இந்த முறை முழுக்க இதற்கே.

கேள்வி: எங்கள் மில்லில் மெர்சரைசிங் (பருத்தித் துணிக்கு மினுமினுப்பு ஏற்றும் வேலை) செய்யும் காஸ்டிக் சோடா கரைசலை ஜாடியில் எடுத்து, ஹைட்ரோமீட்டர் என்ற மிதவைக் கருவி போட்டு ட்வாடல் (அடர்த்தியைச் சொல்லும் ஓர் அளவு) பார்க்கிறோம். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ரீடிங் மாறுகிறது. பைப்பில் பொருத்தும் ஃபோர்க் மீட்டர் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: வாங்கலாம், ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஹைட்ரோமீட்டரின் கண்ணாடித் தண்டுக்குள் சுருட்டி வைத்த காகிதத்தைப் படியுங்கள், எந்த வெப்பநிலைக்கு அது அளவிடப்பட்டது என்று அதில் அச்சாகியிருக்கும். பயன்படுத்திய காஸ்டிக்கை மீட்டெடுக்கும் ரெகவரி பிளான்ட்டிலிருந்து சூடாக வரும் காஸ்டிக்கை ஒரு ஷிஃப்ட்காரர் உடனே அளக்கிறார், இன்னொருவர் டீ குடித்துவிட்டு வந்து ஆறிய பிறகு அளக்கிறார் என்றால், காஸ்டிக் மாறாமலே ரீடிங் மாறும். எவ்வளவு மாறும் என்று கேட்டால், நீங்கள் பயன்படுத்தும் வீரியத்தில் ஒரு டிகிரி செல்சியஸுக்கு அடர்த்தி கன மீட்டருக்கு ஏறத்தாழ 0.6 கிலோ குறைகிறது, அப்படியானால் 20 டிகிரி வித்தியாசத்துக்கு 12 கிலோ, அதாவது கிட்டத்தட்ட இரண்டரை ட்வாடல். காஸ்டிக் சதவீதத்தில் சொன்னால் ஒரு சதவீதத்துக்கும் கொஞ்சம் மேலே. 54 ட்வாடலில் ஓட்ட வேண்டிய இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

ஒரு வாரம் வெப்பநிலையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வெப்பத் திருத்தம் போட்ட பிறகு ரீடிங் சீராகிவிட்டால் உங்கள் காஸ்டிக் நன்றாகத்தான் இருக்கிறது, அளந்த விதம்தான் சரியில்லை என்று தெரிந்துவிடும். அப்புறமும் ஏறி இறங்கினால் மீட்டருக்கு வேலை இருக்கிறது.

ஃபோர்க் மீட்டர் செய்வது இதுதான். பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த இரண்டு பல் இசைக்கவையை (அதுதான் ஃபோர்க்) திரவத்துக்குள் நிறுத்தி மின்சாரத்தால் அதிர வைக்கிறார்கள். அதிரும்போது சுற்றியுள்ள திரவமும் கூடவே அசைய வேண்டும். திரவம் கனமாக இருந்தால் அதிர்வு மெதுவாகிறது, இலகுவாக இருந்தால் வேகமாகிறது. அந்த அதிர்வு நேரத்தை எண்ணி அடர்த்தியாக மாற்றிக் காட்டுகிறது. உள்ளேயே வெப்பநிலை சென்சாரும் இருப்பதால் திருத்தத்தையும் தானே போட்டுக்கொள்ளும், டீ குடிக்கப் போனவருக்காகக் காத்திருக்காது. ஆனால் திருத்த அட்டவணை உங்கள் திரவத்துக்கானதாக இருக்க வேண்டும். தண்ணீருக்கான அட்டவணையோடு வந்த மீட்டர் காஸ்டிக்கில் தவறாகத்தான் சொல்லும், அதனால் ‘காஸ்டிக் சோடா, இந்த வீரியம் முதல் இந்த வீரியம் வரை, இந்த வெப்பநிலை வரை’ என்று ஆர்டரிலேயே எழுதுங்கள்.

கேள்வி: ஒரு கம்பெனி துல்லியம் ±1 கிலோ என்கிறது, இன்னொன்று ±0.1 என்கிறது, விலை மிக அதிகம். இரண்டாவது எதற்கு? (அதே வாசகர்)

பதில்: உங்களுக்கு வேண்டாம். கன மீட்டருக்கு 1 கிலோ என்பது 0.2 ட்வாடல், காஸ்டிக்கில் 0.1 சதவீதத்துக்கும் கீழே. அதற்கு மேல் துல்லியம் வாங்கி, தொட்டியில் சரியாகக் கலக்காத காஸ்டிக்கை அளந்து என்ன பயன்?

±0.1 சொல்வது பெரும்பாலும் குழாய் வகை, திரவம் முழுவதும் ஒரு மெல்லிய அதிரும் குழாய்க்குள் போய்வரும். வளைந்த குழாயை அதிர வைத்து அளக்கும் டிஜிட்டல் மீட்டர் 1967-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் ஆன்டன் பார் கம்பெனியிலிருந்து வந்தது, இன்றைக்கும் ஆய்வகங்களில் அந்த முறைதான் அளவுகோல். எண்ணெய் கைமாறும் இடங்களில், காசு கணக்கிடும் இடங்களில், அந்தத் துல்லியம் தேவை. உங்கள் திரும்பி வரும் காஸ்டிக்கிலோ பஞ்சுத் தூசியும் நூல் துணுக்கும் கஞ்சியும் மிதக்கும், மெல்லிய குழாய் அடைத்துக்கொள்ளும். இரண்டு பற்களும் திறந்து நிற்கும் ஃபோர்க் வகையை வெளியே எடுத்து அலசிவிட்டுத் திரும்பப் போட்டுவிடலாம். எவ்வளவு காஸ்டிக் ஓடுகிறது என்ற எடைக் கணக்கும் சேர்த்து வேண்டுமென்றால் மட்டும் கோரியோலிஸ் மீட்டரை யோசியுங்கள், அதுவும் அதிரும் குழாய்தான், ஓட்டத்தையும் அடர்த்தியையும் ஒன்றாகச் சொல்லும்.

இன்னொன்று. ஃபோர்க் வகையில் பைப்பின் அளவைச் சொல்லாமல் ஆர்டர் போடாதீர்கள். பற்களுக்குப் பக்கத்திலேயே பைப் சுவர் இருந்தால் அதிர்வு மாறும். இரண்டு அங்குல பைப்புக்கு அளவிட்டதை ஆறு அங்குல பைப்பிலோ திறந்த தொட்டியிலோ போட்டால் பிரோஷரில் உள்ள ±1 கிடைக்காது.

கேள்வி: நாங்கள் 98 சதவீத சல்ஃப்யூரிக் ஆசிட் டேங்கரில் வாங்குகிறோம். வரும் சரக்கு 98 தானா என்று டென்சிட்டி மீட்டர் வைத்துச் சோதிக்கலாம் என்று ஒரு விற்பனைப் பிரதிநிதி சொல்கிறார். (ராணிப்பேட்டை)

பதில்: தயவுசெய்து இதற்காக வாங்காதீர்கள். மீட்டர் அடர்த்தியைச் சரியாகத்தான் சொல்லும், ஆனால் அந்த ஆசிட்டின் அடர்த்தியிலிருந்து வீரியத்தைக் கண்டுபிடிக்கவே முடியாது. 20 டிகிரியில் 95 சதவீத ஆசிட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.8337 கிராம், 97-ல் 1.8364 வரை ஏறுகிறது, அதற்கு மேல் இறங்கத் தொடங்கி 98-ல் 1.8361, 99-ல் 1.8342, 100-ல் 1.8305. பாருங்கள், 95-க்கும் 99-க்கும் வித்தியாசம் கன மீட்டருக்கு அரை கிலோதான். அதே ஆசிட் வெயிலில் நின்ற டேங்கரில் ஒரு டிகிரி சூடானாலே அதைவிட அதிகம் மாறும். உங்களுக்கு 95 சதவீதத்தைக் கொடுத்து 99-க்குக் காசு வாங்கினால்கூட இந்த மீட்டரால் பிடிக்க முடியாது.

இந்த வீரியத்துக்கு ஒலிவேகத்தை அளக்கும் மீட்டர் இருக்கிறது, அதைக் கேளுங்கள். அல்லது ஒவ்வொரு டேங்கருக்கும் சாம்பிள் எடுத்து டைட்ரேஷன் (தெரிந்த வீரியமுள்ள காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து ஆசிட்டை அளப்பது) செய்யுங்கள், மெதுவான வேலைதான், ஆனால் நம்பலாம். பேட்டரி ஆசிட் மாதிரி நீர்த்ததற்கு, 37 சதவீதத்துக்கு 1.28 பக்கம் வருமே, அங்கே டென்சிட்டி மீட்டர் அருமையாக வேலை செய்யும். அதிலும் உலோகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். நடுத்தர வீரிய ஆசிட் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அரித்துவிடும், ஹாஸ்டெல்லாய் போன்ற கலவை தேவைப்படும்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் ஃபோர்க் மீட்டர் வாங்கினோம். பம்ப் ஓட ஆரம்பித்தால் ரீடிங் கீழே குதிக்கிறது. மற்ற நேரத்தில் ஆய்வக ரீடிங்கைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகிறது. மீட்டரில் குறை இல்லை என்கிறார் விற்றவர். யார் சொல்வது சரி? (திருப்பூர், சாயப்பட்டறை உப்புக் கரைசல்)

பதில்: இரண்டும் தனித்தனிப் பிரச்சினை, இரண்டையும் நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

கீழே குதிப்பது பெரும்பாலும் காற்றுக் குமிழி. திரவத்தில் அளவில் 1 சதவீதம் காற்று கலந்தாலே அடர்த்தி 1 சதவீதம் குறையும், அதாவது கன மீட்டருக்கு 10 கிலோவுக்கும் மேல். திரும்பி வரும் பைப் தொட்டியின் மேலிருந்து அருவி மாதிரி கொட்டுகிறதா என்று பாருங்கள், அப்படியானால் பைப்பைத் திரவ மட்டத்துக்குக் கீழே நீட்டுங்கள். பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்தில் கேஸ்கெட் வழியாகவும் காற்று உள்ளே போகலாம். மீட்டர் எங்கே இருக்கிறது? கிடையான பைப்பின் உச்சியில் குத்தியிருந்தால் குமிழியெல்லாம் அங்கேதான் சேரும், அடியில் குத்தியிருந்தால் கசடு சேரும். பக்கவாட்டில், இரண்டு பற்களுக்கு இடையிலுள்ள இடைவெளி நிமிர்ந்து நிற்கும்படி வைத்தால் குமிழி மேலே போய்விடும், கசடு கீழே விழுந்துவிடும். மேல்நோக்கி ஓடும் செங்குத்துப் பைப் கிடைத்தால் இன்னும் நல்லது. விற்றவர்தான் வந்து பொருத்தினார் என்றால் இந்த இடமாற்றச் செலவை அவரிடம் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

மெல்ல மேலே போவது, பற்களில் ஏதோ படிகிறது. உப்போ சுண்ணாம்போ ஒட்டினால் பல் கனமாகிறது, அதிர்வு மெதுவாகிறது, மீட்டர் அதைத் திரவத்தின் அடர்த்தி என்று நினைத்து அதிகமாகக் காட்டுகிறது. பல் அரித்துப் போனால் இதற்கு நேர்மாறு, ரீடிங் கீழே இறங்கும். ஆக எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை வைத்தே பாதி தெரிந்துவிடும்.

லைனை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, மீட்டரைக் கழற்றுங்கள். உப்புப் படிவாக இருந்தால் வெந்நீரில் கரையும், வெள்ளையாகச் சொரசொரவென்று ஒட்டிய சுண்ணாம்பென்றால் நீர்த்த சிட்ரிக் ஆசிட்டில் ஊற வையுங்கள். ஸ்க்ரூட்ரைவரால் சுரண்டுவதும் கம்பி பிரஷ் போடுவதும் கூடவே கூடாது, அந்தப் பல்லின் எடைதான் உங்கள் அளவுகோல். நன்றாகக் காய்ந்த பிறகு காற்றில் நிறுத்தி அதிர்வு நேரத்தைப் பாருங்கள், மீட்டரோடு வந்த அளவீட்டுச் சான்றிதழில் காற்றில் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் இருக்கும். அப்புறம் சுத்தமான தண்ணீரில் வைத்துப் பாருங்கள், 25 டிகிரியில் 997 காட்ட வேண்டும். தொட்டியில் பொருத்தும் மீட்டருக்கு அகலமான பாத்திரம் போதும், பைப் மீட்டரென்றால் அதே அளவு பைப் துண்டுக்குள் நிறுத்திப் பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக வந்தால் மீட்டர் நன்றாக இருக்கிறது, விற்றவர் சொன்னது உண்மை. சுத்தம் செய்த பிறகும் வரவில்லை என்றால், வாரண்டிக்குள் இருக்கும்போதே அந்த ரீடிங்குகளைப் படமெடுத்து எழுத்தில் அனுப்புங்கள். போனில் சொல்வது போதாது.

கேள்வி: இப்படி மீட்டர் வேலை செய்யவில்லை என்றால் நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? (பலர்)

பதில்: பெரும்பாலும் முடியாது, இதைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை நுகர்வோர் என்று ஏற்பதில்லை. சுயதொழிலாக, தன் பிழைப்புக்கென்று மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவருக்கு விலக்கு இருக்கிறது, வீட்டோடு சேர்ந்த சின்னப் பட்டறையைத் தானே நடத்துபவர் அதைச் சொல்லிப் பார்க்கலாம். மில், ஆலை என்றால் ஒப்பந்தத்தை வைத்து சிவில் வழக்குதான். அதனால் உங்களைக் காப்பாற்றப் போவது பர்ச்சேஸ் ஆர்டரில் நீங்கள் எழுதும் நாலு வரி.

என்ன எழுத வேண்டும்? திரவம், வீரியம், வெப்பம், அழுத்தம், பைப் அளவு, அதில் என்னென்ன மிதக்கும் என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள், இல்லையென்றால் ‘நீங்கள் சொல்லவே இல்லையே’ என்பார்கள். ‘பொருத்திய பின் ஓடும் நிலையில், ஒரே நேரத்தில் எடுத்த சாம்பிள்களின் ஆய்வக ரீடிங்கோடு இத்தனை கிலோவுக்குள் ஒத்துப்போக வேண்டும், அதுவரை 10 சதவீதத் தொகை நிறுத்தி வைக்கப்படும்’ என்று எழுதுங்கள். ஆய்வகம் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்குத் தரச் சான்று தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் பின்னால் வாதம் வராது. சரி, விற்பவர் இதை ஏற்க மறுத்தால்? அவருக்கே தன் மீட்டர் உங்கள் பைப்பில் நிற்குமா என்று சந்தேகம் இருக்கிறது, வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: பழைய கதிரியக்க டென்சிட்டி கேஜ் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதற்குள் சீசியம் போன்ற கதிரியக்க மூலம் இருக்கும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே சட்டவிரோதம். விற்கிறேன் என்று வந்தவரிடம் அந்த ஆவணங்களைக் கேளுங்கள், இல்லையென்றால் வாரியத்துக்குத் தெரிவியுங்கள்.

கேள்வி: டிஸ்டிலரியில் எரிசாராயத்துக்கு எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: இரண்டு விஷயம். கன அளவில் 95 சதவீதப் பக்கத்தில் சாராயம் 1 சதவீதம் மாறினால் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 4 கிலோ மாறும், வெப்பம் 5 டிகிரி மாறினாலும் அதே அளவு மாறும். அதனால் இங்கே அடர்த்தித் துல்லியத்தைவிட மீட்டருக்குள் இருக்கும் வெப்பநிலை சென்சாரின் துல்லியத்தை முதலில் கேளுங்கள். இரண்டாவது, சாராய ஆவி தீப்பிடிக்கும், மீட்டருக்கும் ஜங்ஷன் பாக்ஸுக்கும் கேபிள் கிளாண்டுக்கும் பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா என்று தனித்தனியாகச் சான்றிதழ் வாங்குங்கள். மீட்டருக்கு மட்டும் காட்டிவிட்டு மற்றதைச் சாதாரணமாகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். சான்றிதழில் உள்ள மாடல் எண் தகட்டில் உள்ளதோடு ஒத்துப்போகாமல் ஒரு பொருளையும் உள்ளே இறக்க விடாதீர்கள்.