இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் தொழிலுக்குப் பணம் தருவது வங்கியா, பங்குச்சந்தையா? எது நல்லது?

மும்பை ஃபோர்ட்டில் ஒரு வங்கியின் தொழிற்கடன் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். சென்செக்ஸ் ஏறுவதைப் பார்த்து, இந்தியா சந்தையை நம்பி நடக்கும் நாடு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இங்கே பங்குச்சந்தைக்கு வயது அதிகம், 1875-லேயே வந்துவிட்டது. ஆனால் பங்குச்சந்தை இருக்கும் தலால் தெருவில் நாள் முழுக்கக் கைமாறும் பங்குகளால் கம்பெனிக்கு ஒரு ரூபாய்கூட வராது, விற்றவருக்குத்தான் வரும். புதுப் பங்கு வெளியிட்டால்தான் தொழிலுக்குப் பணம்.

தாராவியில் தோல் பை தைக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட், அதாவது சரக்கிருப்புப் பட்டியல், கொண்டுவருவார். தோல், ஜிப், பக்கிள், தைத்து முடித்த பைகள், வரவேண்டிய பில்கள் எல்லாம் அதில் இருக்கும். ரொம்ப நாள் இழுக்கும் பில்லைத் தள்ளிவிட்டு, அவர் கைப்பணமாகப் போடவேண்டிய மார்ஜினையும் கழித்து, மிச்சத்துக்குத்தான் சிசி (கேஷ் கிரெடிட்) கணக்கில், அதாவது வரம்புக்குள் தேவைப்படும்போது எடுத்துத் திரும்பக் கட்டும் கடன் கணக்கில், எடுக்க விடுவோம். நேரில் போய் சரக்கையும் பார்ப்போம். எந்த முதலீட்டாளர் அந்தச் சந்துக்குள் வந்து தோலை எண்ணப்போகிறார்? சிறு தொழிலுக்கு எந்த நாட்டிலும் வங்கிதான்.

சிக்கல் பெரிய திட்டங்களில். மின் நிலையம் கடனை அடைக்கப் பதினைந்து, இருபது வருடம் ஆகும். டெபாசிட் போட்டவரோ ஓரிரு வருடத்தில் திரும்பக் கேட்பார். நீண்டகாலக் கடனுக்கென்றே இருந்த ஐசிஐசிஐ 2002-லும் ஐடிபிஐ 2004-லும் வங்கிகளாகிவிட்டன. அப்புறம் அந்தச் சுமை வங்கிகள் தலையில் விழுந்தது. 2018-ல் வங்கிகள் கொடுத்த மொத்தக் கடனில் வாராக்கடன் 11 சதவீதத்தைத் தாண்டியதற்கு இதுவும் ஒரு காரணம். கடன் பத்திரச் சந்தை இருந்தாலும், கடனை ஒழுங்காக அடைக்கும் என்று நல்ல ரேட்டிங் (தரமதிப்பீடு) உள்ள கம்பெனிகளுக்குத்தான் அது கைகொடுக்கிறது.

வங்கதேசத்தில் நிலைமை இன்னும் கஷ்டம். ஆடை ஆலைகள் முதல் எல்லாமே வங்கிக் கடன், வாராக்கடனும் மலைபோல. 2010-11-ல் டாக்கா பங்குச்சந்தை சரிந்து சிறு முதலீட்டாளர்கள் தெருவில் இறங்கிய பிறகு, சந்தைமேல் மக்களுக்கு நம்பிக்கை திரும்புவதே பெரும்பாடாகிவிட்டது. பாகிஸ்தானில் வங்கிப் பணத்தின் பெரும்பங்கை அரசுப் பத்திரங்களே விழுங்கிவிடுகின்றன. இலங்கையில் 1896-லேயே தேயிலைத் தோட்டங்களுக்கு முதலீடு திரட்டப் பங்கு வியாபாரம் தொடங்கியது. அங்கும் இன்று வங்கிதான் பெரிய கை.

எனக்குப் பிடித்தது நேபாளத்தின் ஒரு வழக்கம். அங்கே நீர்மின் கம்பெனிகள் திட்டத்தால் பாதிக்கப்படும் உள்ளூர் மக்களுக்கென்று பங்கில் ஒரு பகுதியை ஒதுக்குகின்றன. அணைக்குப் போகும் பணம் பங்காக வந்தால், மாதத் தவணை கேட்டு யாரும் கழுத்தை நெரிக்க மாட்டார்கள். நம் ஊரிலும் இதை முயல வேண்டும். காப்பீடு, வருங்கால வைப்புநிதி போன்ற காத்திருக்கக்கூடிய பணத்தையும் இன்னும் அதிகமாக இந்த மாதிரித் திட்டங்களுக்குக் கொண்டுவர வேண்டும்.