தாய்மாமன் மடி

கேள்வி: அம்மா, எனக்கு வயது 34. மகளுக்கு ஐந்து நடக்கிறது. மூன்று வயதிலேயே முடித்திருக்க வேண்டிய காதுகுத்தை ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். எனக்கு உடன்பிறந்த சகோதரன் இல்லை. அதனால் பெரியம்மா மகன் மடியில் வைத்துக் குத்துவது என்று வீட்டில் முடிவாகி, தை மாதம் குலதெய்வம் கோவிலில் நாளும் குறித்தாயிற்று. 1999 கோடை விடுமுறையில் பெரியம்மா வீட்டு மொட்டை மாடியில் எனக்கு என்ன நடந்தது என்பது அந்த அண்ணனுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அப்போது எனக்கு எட்டு வயது, அவருக்கு இருபத்தொன்று. விடுமுறை முடியும்வரை நடந்தது. இன்றும் கொசுவர்த்திச் சுருள் வாசனை வந்தால் கை மரத்துப்போகிறது. நாள் குறித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. ஏன் அன்று நான் கத்தவில்லை? கணவர் நல்லவர், ஆனால் முன்கோபி. அவரிடம் சொன்னால் அரிவாளைத் தூக்கிவிடுவாரோ என்று பயம். 26 வருடம் கழித்து இதைக் கிளறலாமா? அண்ணனை மன்னித்துவிட்டால் எனக்கு நிம்மதி வருமா?
— பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்

பதில்: முதலில் அவசரமானதைப் பார்ப்போம். அந்த மடியில் உங்கள் மகள் உட்காரக் கூடாது. இதற்கு நீங்கள் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. "என் அப்பா மடியில் வைத்துக் குத்துவதாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். நம் குடும்பங்களில் சட்டத்துக்குப் பணியாதவர்கள்கூட வேண்டுதலுக்குப் பணிவார்கள். பொய்தானே என்று தோன்றினால், இன்றைக்கே விளக்கேற்றி வேண்டிக்கொள்ளுங்கள், பொய் உண்மையாகிவிடும். தாத்தா மடியோ, அப்பா மடியோ, ஆசாரியின் ஊசிக்கு எல்லா மடியும் ஒன்றுதான். விசேஷத்தன்று கூட்டத்தில் குழந்தை யார் கையில் இருக்கிறாள் என்று பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஒருவரை நியமித்துவிடுங்கள். உங்கள் தலையில் அன்று ஆயிரம் வேலை இருக்கும்.

இன்னொன்று. உங்கள் கடிதம் முழுக்க "அண்ணன்", "அவர்" என்றே எழுதியிருக்கிறீர்கள். எட்டு வயதில் ஊட்டிய மரியாதை விகுதி இன்னும் இறங்கவில்லை. நான் "அந்த ஆள்" என்றுதான் எழுதப்போகிறேன். நீங்கள் மாற்றிக்கொள்வது உங்கள் விருப்பம்.

ஏன் கத்தவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக 28 வருடம் இருந்தேன். இந்தக் கேள்வியைக் கேட்காத ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஆபத்து வரும்போது ஓடுவது, எதிர்ப்பது போலவே அசையாமல் உறைந்துபோவதும் உடல் தானாகச் செய்வது. யோசித்து எடுக்கும் முடிவல்ல அது. நம்பிய ஆள், தன்னைவிட மூன்று மடங்கு எடையுள்ள ஆள், சத்தம் போட்டால் பெரியம்மா அடிப்பாரோ என்ற பயம். எட்டு வயதுக் குழந்தை வேறென்ன செய்திருக்க முடியும்? உங்கள் தெருவில் எட்டு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி இருப்பாள். நாளை அவள் பள்ளிக்குப் போகும்போது நின்று பாருங்கள். புத்தகப் பை முதுகைவிடப் பெரிதாக இருக்கும். அந்த உயரம்தான் அன்று நீங்கள்.

தூக்கம் ஏன் இப்போது போயிற்று என்பதற்கும் காரணம் இருக்கிறது. பல வருடம் ஒன்றும் இல்லாததுபோல் இருந்துவிட்டு, தன் பிள்ளை அந்த வயதை நெருங்கும்போது எங்களிடம் வந்த தாய்மார்கள் நிறையப் பேர். மறந்துபோனது என்று நினைத்ததை மகளின் பின்னல் ஞாபகப்படுத்திவிடும். கொசுவர்த்தியும் அப்படித்தான். வாசனைக்கும் பழைய பயத்துக்கும் மூளைக்குள் மிகக் குறுகிய பாதை. கை மரத்துப்போனால் சண்டை போடாதீர்கள். கால் இரண்டையும் தரையில் அழுத்துங்கள். குளிர்ந்த நீரில் கையை வையுங்கள், அல்லது உப்புத் தொட்ட எலுமிச்சைத் துண்டை நாக்கில் வையுங்கள். பிறகு வாய்விட்டுச் சொல்லுங்கள்: இன்று இன்ன தேதி, எனக்கு 34 வயது, இது என் வீடு, தாழ்ப்பாள் என் கைப்பக்கம் இருக்கிறது. முதல் பத்து முறை அசட்டுத்தனமாக இருக்கும். பரவாயில்லை. சுருளை இன்றே குப்பையில் போட்டுவிட்டு ஒரு கொசுவலை வாங்குங்கள். எல்லாவற்றையும் தைரியமாக எதிர்கொண்டே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

மன்னிப்பைப் பற்றி எழுதும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வேலையில் சேர்ந்த புதிதில், உங்களைப் போல வந்த ஒரு பெண்ணிடம் "மன்னித்துவிடம்மா, மனம் லேசாகும்" என்றேன். பெரிய ஞானம் சொல்லிவிட்டதாக நினைப்பு. அவள் தலையை ஆட்டினாள், ஓ.பி. சீட்டை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள், போனாள். அடுத்த புதன்கிழமை வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை. அந்தச் சீட்டை மடித்த விரல்கள் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன. மன்னிப்பு சிகிச்சையின் படி அல்ல. சிலருக்குப் பின்னால் வரும், பலருக்கு வராது. வராமலே நன்றாகத் தூங்குகிறவர்களை எனக்குத் தெரியும்.

கணவரிடம் சொல்வது பற்றி. சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் நீங்கள் சொல்ல ஆசைப்படுகிறீர்கள் என்று உங்கள் கையெழுத்தே சொல்கிறது. "நல்லவர்" என்பதை இரண்டு முறை அடிக்கோடு இட்டிருக்கிறீர்கள். குழந்தை வீட்டில் இல்லாத நேரமாகப் பாருங்கள். விஷயத்தைத் தொடங்கும் முன்பே உங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்: "நான் ஒன்று சொல்லப்போகிறேன். கேட்டால் போதும். நான் கேட்காமல் நீங்கள் எதுவும் செய்யக் கூடாது, யாருக்கும் போன் செய்யக் கூடாது." முன்கோபக்காரர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும். காதுகுத்து அன்று மகளை ஒரு நிமிடமும் கையை விட்டு இறக்காமல் பார்ப்பது அவர் வேலை. தனியாகச் சொல்லத் துணிவில்லை என்றால் ஆலோசகர் அறையில் வைத்துச் சொல்லலாம்.

எங்கே போவது? 14416 என்ற எண், அரசின் டெலிமானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவை, 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. இலவசம், நள்ளிரவிலும் பேசலாம், தமிழில் பேசலாம். அங்கிருந்தே உங்கள் மாவட்டத்தில் யாரைப் பார்க்கலாம் என்று வழிகாட்டுவார்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பெண் ஆலோசகர் வேண்டும், தனியறை வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் சொல்வதை இரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. முதல் நாளே முழுக் கதையையும் கொட்ட வேண்டியதில்லை. "சிறுவயதில் எனக்கு ஒன்று நடந்தது, தூக்கமில்லை" என்ற ஒரு வரி போதும். விவரம் விவரமாகக் கேட்டு நெருக்குகிறவரிடமும், என்னைப் போல மன்னிக்கச் சொல்கிறவரிடமும் இரண்டாம் முறை போகாதீர்கள். வேறு ஒருவரைத் தேடுங்கள். இது நான்கைந்து வாரத்தில் முடிகிற வேலை அல்ல.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல்தான் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன் நடந்ததற்குப் பொருந்தாது. 1999இல் நடந்ததற்கு அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டம்தான். கடுமையான குற்றங்களுக்கு அதில் காலவரம்பு இல்லை, சிறியவற்றுக்கு உண்டு. உங்களுடையது எதில் அடங்கும் என்பதை வழக்கறிஞர்தான் பார்க்க வேண்டும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும், எண் 15100. கேட்டுத் தெரிந்துகொள்வதாலேயே வழக்குப் போட்டாக வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒரு கேள்வியை உங்களிடம் கேட்காமல் விட முடியாது. அந்த ஆளின் வீட்டில், பக்கத்தில், இன்று வளர்கிற குழந்தைகள் இருக்கிறார்களா? அவர்களில் ஒருவரைப் பற்றியாவது உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள். இது உங்கள் மீது குற்றம் சுமத்த அல்ல.

கேள்வி: வயது 24, ஆண். எட்டாம் வகுப்பு படிக்கும்போது, 2014இல், விடுதியில் ஒரு பயிற்சியாளர் பல மாதங்கள் என்னிடம் தவறாக நடந்துகொண்டார். இதில் கொடுமை, சில நேரம் என் உடலே எதிர்வினை காட்டியது. அதனால் இதை வெளியே சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறேன். குடித்தால்தான் தூக்கம்.
— திருப்பூர்

பதில்: தம்பி, வெங்காயம் நறுக்கினால் கண்ணீர் வருகிறது. யார் செத்தார்கள்? உடல் தொடுதலுக்குத் தன் போக்கில் காட்டுகிற எதிர்வினைக்குச் சம்மதம் என்று பெயர் இல்லை. பதின்மூன்று வயதில் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமும் இல்லை. ஆண் பிள்ளைக்கு இதெல்லாம் நடக்குமா என்று ஊர் கேட்கும். 2007இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களிலும் பாதிக்குச் சற்று மேல் சிறுவர்கள். உங்களுக்கு நடந்தது 2014 என்பதால் போக்சோ பொருந்தும். சிறுவனுக்கும் சிறுமிக்கும் அதில் வேறுபாடு இல்லை. வயது வந்த பிறகும் புகார் கொடுக்கலாம், காலவரம்பு இல்லை என்று 2018இல் மத்திய அரசே தெளிவுபடுத்தியிருக்கிறது. புகார் கொடுப்பதா என்பதைப் பிறகு யோசிக்கலாம். ஆனால் அந்த ஆள் இன்றும் பிள்ளைகளோடு வேலையில் இருக்கிறாரா என்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். குடியைப் பற்றி மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தினமும் குடிக்கிறவர் என்றால் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம். உடம்புக்கு ஆபத்தாகலாம், மருந்தோடு நிறுத்த வேண்டும்.

கேள்வி: என் மகள் முப்பது வயதில், போன மாதம், சிறு வயதில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர் செய்ததைச் சொன்னாள். "ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து என் போனை எடுப்பதில்லை. பருப்புப் பொடி பார்சல் அனுப்பினேன். பதில் இல்லை.
— ஓய்வு பெற்ற ஆசிரியை, மதுரை

பதில்: டீச்சர், உங்கள் கேள்வி அதிர்ச்சியில் வந்தது என்று எனக்குப் புரிகிறது. அவள் காதில் அது "உன் தப்பு" என்றுதான் விழுந்திருக்கும். மேலே தேனிப் பெண் தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வியைப் பாருங்கள். உங்கள் மகளும் இருபது வருடமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருப்பாள். அதை அம்மா வாயாலும் கேட்டுவிட்டாள்.

போனை எடுக்காவிட்டால் எழுதுங்கள். நீளமாக வேண்டாம்; ஆசிரியைகளுக்கு அது கஷ்டம், எனக்குத் தெரியும். "நீ சொன்னதை நான் நம்புகிறேன். உன் தப்பு இல்லை. நான் கேட்டது தப்பு. அன்று நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்." இவ்வளவுதான். "ஆனாலும்" என்று அடுத்த வரியைத் தொடங்காதீர்கள். அப்போது அப்பாவுக்கு இடமாற்றம், எனக்கு விடைத்தாள் வேலை என்று விளக்கம் எழுதாதீர்கள். பதில் எப்போது வரும் என்று கேட்காதீர்கள். உங்களுக்கு அழுகை வரும். அதைத் தாங்க உங்கள் அக்காவோ தோழியோ இருக்கட்டும், மகளிடம் கொண்டுபோகாதீர்கள்.

பொடியையும் அனுப்புங்கள், பிடித்தால் சாப்பிடுவாள். கடிதம் முதலில் போகட்டும்.